ஞானஸ்நானம் பெறாத மகவும் தேவ இரக்கமும்

பிறசமயக் கொள்கையை ஆராயப் புகுவார், அச்சமயத்தார் கூறாததை அவர்மேலேற்றிக் கடிதல் முறையன்று. அவர் கூறுவதை உள்ளவாறுணர்ந்து, அது தன்னுள் முரணுகின்றதோவென நோக்குதலே நேர்மையாம். அந்நெறி பற்றி, ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த மகவின் கதி யாதென்னும் வினாவிற்குக் கத்தோலிக்கர் கூறிவந்த விடைகளை ஈண்டு ஆராய்வாம்.

மனிதன் நன்மை தீமைகளைத் தன் விருப்பால் தெரிந்துகொள்ளும் உரிமையுடையன் என்பது அவர் கொள்கை. முலையுண்ணும் மகவோ எதனையுந் தெரிந்துகொண்டிலது. ஆயினும் ஆதாமின் வழியே வந்த ஜன்மபாவம் அதற்கும் உண்டென்பர். ஆதாமின் குற்றம் அவன் வழியினர்மேல் இறங்காதெனப் பெலாஜியுஸைச் சார்ந்தோர் வாதித்தனர். 418-ஆம் ஆண்டிற் கார்த்தேஜிற் கூடிய சங்கம் அதனைக் கடிந்தது. ஹிப்போ நகரத்து ஆயராகிய அகுஸ்தீன் (354–430), அத்தகைய மகவு தண்டனைக்கே உரியது, ஆயின் அத்தண்டனை மிக மெல்லியது எனத் துணிந்தார். அருள் எவர்க்குங் கடனன்றாகலின், அது கொடாமையால் இறைவன்பால் அநீதியில்லை என்பது அவர் வாதம். எனினும் 415-இல் ஜெரோமுக்கு வரைந்த நிருபத்தில், குழந்தைகளின் தண்டனையை எண்ணுங்கால் விடைகாணாது இடர்ப்படுவதாக அவரே கூறினர். உயிர்கள் முன்னொரு நிலையிற் செய்த பாவத்தால் உடலெடுத்தன என்னும் விடையையும் அவர் ஏற்றிலர். ஆகவே தண்டனை நின்றது. அதற்குரிய செயல் காணப்பட்டிலது.

13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், இம்மகவுக்குத் துன்பமில்லை, இறைக்காட்சியின் பேரின்பம் ஒன்றே இல்லை என்றார். இதன் நிலை லிம்போ எனப்பட்டது. அயர்லாந்தில் இத்தகைய மகவுகளைத் திருநிலைப்படுத்திய இடுகாட்டிற் புதைக்காது தனியிடத்திற் புதைக்கும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டிலும் நிகழ்ந்தது. மகவிழந்த தாய்க்கு இஃது இரண்டாவது துயரன்றோ?

1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், ஜன்மபாவம் செய்த செயலன்று, வந்தடைந்த நிலையென விளக்கி, இம்மகவுகளைத் தேவ இரக்கத்தில் ஒப்படைத்தது. 2007-இல் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட்டின் இசைவோடு வெளிவந்த அனைத்துலக இறையியல் ஆணைக்குழுவின் அறிக்கை, இவர்கள் மீட்புறுவரென நம்புதற்குத் தக்க ஏதுக்கள் உளவென்றது; உறுதியாக அறிந்ததெனக் கூறிற்றிலது.

இம்மாற்றத்தை யாம் இகழேம். அன்புடை நெஞ்சம் பழைய வன்சொல்லைத் தாங்காமையே இதற்குக் காரணமாம். ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. இரக்கமாவது தண்டனைக்குரியானைப் பொறுத்தல். ஜன்மபாவம் செயலன்றாயின், மகவு தண்டனைக்குரியதன்று. அதனை ஏற்றல் நீதியேயாம், இரக்கமன்று. குற்றமேயாயின், விருப்பின்றிக் குற்றமுண்டென்றாகி, விருப்புரிமைக் கொள்கை நிலைகுலையும்.

அற்றன்று, இறைக்காட்சி இயற்கைக்கு மேற்பட்ட கொடையாகலின் கொடாமை தண்டனையாகாது எனின், மனிதன் அக்காட்சிக்கென்றே படைக்கப்பட்டான் என்பதும், எல்லாரும் மீட்புறுதலே இறைவன் திருவுளம் என்பதும் அவர் கொள்கையேயாகலின் அது பொருந்தாது. ஒன்றற்கெனவே படைத்து, பிழைசெய்யாதிருக்கவும் அதனை மறுத்தல் கொடாமையளவில் நில்லாது.

ஆகலின் 2007-ஆம் ஆண்டின் நம்பிக்கை முடிபாக வேண்டுமாயின், மகவின்மேல் முன்னர்ச் சுமத்திய குற்றப்பொறுப்பை வெளிப்படையாக நீக்கல் வேண்டும். அது செய்யுங்காறும், தாய்க்குத் தேறுதல் கூறுவோர் தம் நெஞ்சின் அன்பாற் கூறுவரேயன்றித் தம் கோட்பாட்டின் வலியாற் கூறுவாரல்லர் என்க.