வேதநாயகம் பிள்ளையின் நாவலில் கிறிஸ்தவம் எங்கே இருக்கிறது?

எங்கள் பங்கைச் சேர்ந்த நண்பர் ஒருவருக்கு 'பிரதாப முதலியார் சரித்திரம்' படிக்கக் கொடுத்திருந்தேன். ஒரு மாதம் கழித்துப் பூசை முடிந்து வெளியே வரும்போது திருப்பிக் கொடுத்தார். "நல்லா சிரிச்சேங்க. ஆனா எழுதினவர் கத்தோலிக்கர்னு சொன்னீங்களே, இதுல கிறிஸ்தவம் எங்க இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் திரும்ப ஒருமுறை படித்தேன்.

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826-இல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் பிறந்தவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று பல ஊர்களில் முன்சீப்பாக இருந்தார். 1859-இல் 'நீதிநூல்', 1878-இல் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை', 1879-இல் தமிழின் முதல் நாவல் என்று நாம் பள்ளியில் படித்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தன. 1889-இல் காலமானார்.

தன் மதத்தை வெளியே சொல்லக் கூச்சப்பட்டவர் இல்லை. 'திருவருள் மாலை', 'தேவமாதா அந்தாதி' என்று பக்தி நூல்களும் எழுதியிருக்கிறார். ஆனால் நாவலுக்கு வந்தால் கதாநாயகனும் கதாநாயகியும் இந்துக்கள். யாரும் மதம் மாறுவதில்லை. சமரசக் கீர்த்தனையின் பெயரே அது எல்லாச் சமயத்தாருக்கும் என்று சொல்லிவிடுகிறது. நண்பர் தேடினது கிடைக்காததில் ஆச்சரியமில்லை.

அவர் தேடினது வேறொரு புத்தகத்தில் கிடைக்கும். வேதநாயகருக்கு ஒரு வயது இளையவர் ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளை. அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வந்தது. ஜான் பனியனின் கதையைத் தழுவிய காப்பியம். அதில் கதாநாயகன் அழியப்போகிற ஊரை விட்டுப் புறப்பட்டு மோட்ச நகரம் நோக்கி நடக்கிறான். கெட்ட ஊர் என்றால் விட்டுப் போவதுதான் வழி.

பிரதாப முதலியாரின் மனைவி ஞானாம்பாள் செய்வது நேரெதிர். காணாமல் போன கணவனைத் தேடி ஆண் வேஷத்தில் விக்கிரமபுரிக்கு வருகிறாள். அங்கே ராஜா இறந்துபோய், அடுத்த ராஜாவைத் தேர்ந்தெடுக்க யானையின் தும்பிக்கையில் மாலையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். யானை இவள் கழுத்தில் போட்டுவிடுகிறது. சட்டம் ஒழுங்கு எதுவும் இல்லாத ஊர். ஞானாம்பாள் அதை விட்டு ஓடவில்லை. உட்கார்ந்து கோர்ட்டைச் சரி செய்கிறாள். வழக்காடுகிறவனுக்குப் புரிகிற மொழியில்தான் நியாயம் நடக்க வேண்டும் என்று நாவல் பக்கம் பக்கமாக வாதாடுகிறது.

வெறும் கதைக்காக எழுதின பக்கங்கள் இல்லை இவை. 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட் தீர்ப்புகளைத் தொகுத்து 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் 1862-இல் தமிழில் கொண்டுவந்தவர் இவரே. எங்கள் தொழிலில் டாகுமென்டேஷன் எழுதுவது மாதிரி வேலை. யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் அது இல்லையென்றால் இங்கிலீஷ் தெரியாதவன் தன் தலைவிதியை வக்கீல் வாயிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் ஏமாறுவதற்கு அதுவே போதும்.

லூக்கா நற்செய்தி 3-ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. வரிதண்டுவோர் திருமுழுக்கு யோவானிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். ரோமானியர்களுக்கு வரி வசூலிக்கிற வேலை. ஊரே காறித் துப்புகிற வேலை. வேலையை விடச் சொல்வார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவரோ குறித்த தொகைக்கு மேல் வாங்காதீர்கள் என்பதோடு முடித்துவிடுகிறார். படைவீரர்களிடம் மிரட்டிப் பறிக்காதீர்கள், சம்பளம் போதும் என்றிருங்கள் என்கிறார். அவ்வளவுதான். என் பார்வையில் வேதநாயகரின் கிறிஸ்தவம் இந்த இடத்தில் நிற்கிறது. அந்நிய அரசாங்கத்தின் கீழே கோர்ட்டு உத்தியோகம். அதே நாற்காலியில் இருந்துகொண்டு லஞ்சத்தை எதிர்த்துச் செய்யுள் எழுதினார்.

இதற்குச் சாட்சி சொன்னவர்கள் சொந்த மதத்துக்காரர்கள் மட்டும் இல்லை என்பது முக்கியம். தாது வருஷப் பஞ்சத்தில் கைக்காசைப் போட்டுப் பசித்தவர்களுக்கு உதவினார். அதைப் புகழ்ந்து கீர்த்தனை பாடியவர் நந்தனார் சரித்திரம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி. இவரைப் பாட்டுடைத் தலைவனாக வைத்துக் கோவை பாடியவர் திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இரண்டு பேரும் சைவர்கள். ஜெபப் புத்தகத்தைப் பார்த்து அவர்கள் பாடியிருக்க முடியாது. ஆளைப் பார்த்துத்தான் பாடியிருக்கிறார்கள்.

இதுவரை பாராட்டியாயிற்று. இனி எனக்கு இருக்கிற குறையைச் சொல்கிறேன். பலரும் சொல்கிற 'உபதேசம் அதிகம்' என்கிற குறை எனக்குப் பெரிதில்லை. உபதேசத்துக்கு நடுவிலேயே சிரிக்க வைக்கத் தெரிந்தவர் அவர். நாவலில் நேர்மைக்கு யாரும் விலை கொடுப்பதில்லை என்பதுதான் உறுத்துகிறது. நல்லவர்கள் கஷ்டப்படுகிறார்கள், உண்மைதான். ஆனால் ஏதாவது ஒரு தற்செயல் வந்து தூக்கிவிடும். ஞானாம்பாள் நீதி செய்ய முடிந்ததற்குக் காரணம் அவளுக்கு சிம்மாசனம் கிடைத்தது. முன்சீப் லஞ்சம் வேண்டாம் என்றால் அவருக்கு மரியாதை கூடும். அதே கோர்ட்டில் சொற்பச் சம்பளத்தில் ஓடுகிற சேவகன் வேண்டாம் என்றால் அவன் வீட்டில் அடுப்பு எரியுமா? மேலே இருக்கிறவர்களோடு அவன் எப்படிக் காலம் தள்ளுவான்? அந்த ஆளை அவர் தினமும் பார்த்திருப்பார். அவன் கதையை அவர் எழுதவில்லை. நீதிநூலில் அவனுக்கும் சேர்த்து அறிவுரை இருக்கிறது. அறிவுரை சொல்வது சுலபம்.

இந்தக் குறை எனக்கு ஏன் உறுத்துகிறது என்றும் சொல்லிவிட வேண்டும். சில வருஷங்களுக்கு முன் எங்கள் டீமில் நாலு பேருக்கு இரண்டு வாரம் வேலையே இல்லை. டைம்ஷீட்டில் ஒரு வெளிநாட்டு கிளையன்ட்டின் ப்ராஜெக்ட் பெயரைப் போட்டு எட்டெட்டு மணி நேரம் நிரப்பச் சொன்னார்கள். "எல்லாரும் பண்றதுதானே." நிரப்பினேன். செய்யாத வேலைக்கு யாரோ பணம் கொடுத்தார்கள். அந்த ஞாயிறு பூசையில் முதல் வாசகம் வாசிக்கும் முறை என்னுடையது. வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். குரல் நன்றாக இருந்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

அடுத்த முறை அப்படி வந்தபோது, எனக்கு அந்த ப்ராஜெக்ட்டில் வேலை இல்லை, பெஞ்ச் என்றே போடுகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "உங்க இஷ்டம் சார்" என்றார். அந்த வருஷம் ரேட்டிங் குறைந்தது. இதனால்தானா என்று தெரியாது, கேட்கவும் இல்லை. வீட்டுக் கடன் பாதி முடிந்திருந்ததால் எனக்குத் தைரியம் வந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. என் டீமில் அந்த வருஷம்தான் சேர்ந்த பையன் எட்டெட்டு மணி நேரமே நிரப்பினான். அவனை என்னால் குறை சொல்ல முடியவில்லை. என் பங்குக்கு யானை ஏற்கெனவே பாதி மாலையைப் போட்டிருந்தது. அவனுக்கு அது வரவே இல்லை.

வேதநாயகர் எழுதாமல் விட்ட நாவல் அந்தப் பையனைப் பற்றியது என்று நினைக்கிறேன். ஆனாலும் அவர் எழுதினதைத் தள்ளிவிட மாட்டேன். நம்பிக்கையை வெள்ளிக்கிழமை டைம்ஷீட்டோடும் கோர்ட்டுத் தீர்ப்பின் மொழியோடும் சேர்த்துப் பார்க்க நமக்குச் சொல்லிக் கொடுத்த தமிழ் எழுத்து அதிகமில்லை. பூசைப் பேச்சில் கூட இது அபூர்வமாகத்தான் வருகிறது.

நண்பரைப் போன வாரம் பார்த்தேன். "கிறிஸ்தவம் எங்கன்னு கேட்டீங்களே, விக்கிரமபுரி கோர்ட்டில இருக்கு. அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் படிங்க" என்று புத்தகத்தை மறுபடி அவர் கையில் கொடுத்தேன். அவர் வணிக வரித்துறையில் வேலை பார்க்கிறவர். வாங்கிக்கொண்டார். இந்த முறை எதுவும் கேட்கவில்லை.