விருந்து மேசையில் கூடைக்காரி

சாக்சனி அரசவை விருந்துகளில் கடைசிப் பந்தியாக இனிப்பு வரும்போது மேசை நடுவே பொம்மைகள் அணிவகுக்கும். முதலில் சர்க்கரையில் செய்தார்கள். 1740களில் அந்த இடத்தை மைசென் ஆலையின் பீங்கான் பொம்மைகள் பிடித்துக்கொண்டன. அதில் ஒரு வரிசை, பாரிஸ் தெருக்களில் கூவி விற்றவர்களுடையது. எலுமிச்சை விற்பவளைச் சுற்றி உட்கார்ந்து பிரபுக்கள் பழப்பாகு சாப்பிட்டார்கள்.

வறுமைக்குப் பவுடர் பூசிய கலை என்று இதை ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். பாதி உண்மைதான். ஆனால் எந்தப் பொம்மை என்று கேட்க வேண்டும். மைசென் சிற்பிகள் கேண்ட்லரும் ரைனிக்கேயும் செய்த முதல் வரிசைக்கு மூலம், பிரெஞ்சுக் கலைஞர் பூஷார்தோன் வரைந்து 1737 முதல் அச்சான 60 படங்கள். பின்னணி ஏதுமில்லாமல், தாளை நிறைத்து நிற்கும் கனத்த உடல்கள் அவை. அந்தக் கனம் பீங்கானிலும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 1753 வாக்கில் ஓவியர் ஹ்யூயேயின் ஓவியங்களை வைத்துச் செய்த இரண்டாம் வரிசையோ ஒரு சாண் உயரம்கூட இல்லாத அலங்காரம்: பூப்போட்ட பாவாடை, அழுக்குப்படாத காலுறை, ரோஜாக் கன்னம். கூடை இருக்கிறது, பாரம் இல்லை.

பொம்மையின் காலுக்குப் பின்னால் பீங்கானிலேயே ஒரு மரக்கட்டை முளைத்திருப்பதையும் குறையாகச் சொல்வார்கள். பாரிஸ் தெருவில் ஏது அடிமரம்? அது சூளையின் வேலை. சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பீங்கான் இளகும். ஆறில் ஒரு பங்கு சுருங்கும். முட்டுக் கொடுக்காவிட்டால் மெல்லிய கணுக்கால் மடங்கிப்போகும். மரக்கட்டை நெருப்பின் கட்டாயம். ரோஜாக் கன்னம் வாங்குபவரின் ஆசை. இரண்டையும் ஒரே குற்றப் பட்டியலில் சேர்ப்பது நியாயமாகாது.

இந்தக் கலையின் உண்மையான பலம் பொம்மையின் முதுகில் இருக்கிறது. அச்சுப்படம் ஆளை ஒரு பக்கம்தான் காட்டும். மேசையைச் சுற்றி விருந்தினர் உட்காருவதால் பொம்மைக்கு எல்லாப் பக்கமும் வேண்டும். பெட்டியின் வார் எந்தத் தோளில் இறங்குகிறது, ஏப்ரன் முடிச்சு எங்கே விழுகிறது, சுமைக்கு ஈடாக இடுப்பு எந்தப் பக்கம் ஒடிகிறது: படம் சொல்லாத இதையெல்லாம் சிற்பியே யோசித்தாக வேண்டும். அந்த யோசனையில் உழைப்பாளியின் உடல் மறுபடி உள்ளே வந்துவிடுகிறது, வண்ணம் தீட்டியவர் முகத்தை எவ்வளவு இனிப்பாக்கினாலும்.

இன்றைய அருங்காட்சியகங்கள் இவற்றைப் பெரும்பாலும் சுவரோரப் பேழையில், முகம் மட்டும் தெரிய நிறுத்துகின்றன. ஏல விற்பனையில் உடைந்த விரலுக்கு விலை குறைகிறது. முதுகைப் பற்றிப் பேச்சில்லை. ஆக, இந்தப் பொம்மைகளிடம் எது பலவீனமோ அதையே பார்த்துவிட்டுத்தான் நாம் தீர்ப்பெழுதுகிறோம். பேழைக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி வைப்பது பெரிய செலவில்லை.