குளிர் இரத்தமா, வெப்ப இரத்தமா?

பிராணிகளைக் ‘குளிர் இரத்தப் பிராணிகள்’, ‘வெப்ப இரத்தப் பிராணிகள்’ என்று இரண்டாகப் பிரித்துப் படித்திருப்பீர்கள். ஆமை முதல் வகை. பாலூட்டிகள் இரண்டாம் வகை. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்குமா?

தோல்முதுகுக் கடலாமையை எடுத்துக்கொள்வோம். முதுகில் ஏழு வரிகள் உள்ளதால் ஏழுவரி ஆமை என்றும் பெயர். 1972-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 7.5 டிகிரி சென்டிகிரேடு கடல்நீரில் இருந்த இந்த ஆமையின் உள்வெப்பநிலை 25.5 டிகிரி. நீரைவிட 18 டிகிரி அதிகம்!

அடுத்து, ஆஸ்திரேலியாவின் மலைக் குள்ளப் பாஸம். வயிற்றில் பையுள்ள பாலூட்டி. எடை சுமார் 45 கிராம். 1966 வரை புதைபடிவமாக மட்டுமே அறியப்பட்டிருந்த இது, பனிக்கடியில் பாறை இடுக்குகளில் 7 மாதம் வரை உறங்கிக் கழிக்கும். அப்போது உடல் வெப்பநிலை சுமார் 2 டிகிரிக்கு இறங்கிவிடும்.

இப்போது சொல்லுங்கள், எது குளிர் இரத்தம்?

விடை ஓர் எளிய கணக்கில் இருக்கிறது. ஆமையின் எடை 360 கிலோ எனக் கொள்வோம். பாஸத்தைப்போல் 8,000 மடங்கு. வடிவம் ஒன்றே எனக் கொண்டால் நீளம் 20 மடங்கு, மேற்பரப்பு 400 மடங்கு. ஆகவே ஒரு கிராம் உடலுக்குரிய மேற்பரப்பு ஆமைக்கு இருபதில் ஒரு பங்குதான். வெப்பம் மேற்பரப்பு வழியே வெளியேறுகிறது. எனவே நீந்தும் தசைகளில் பிறக்கும் வெப்பம் ஆமையின் உடலில் தங்குகிறது. கொழுப்புப் படலமும் அதற்குத் துணை. பாஸமோ வெப்ப இழப்பை ஈடுகட்ட நிறைய உண்ண வேண்டும். குளிர்காலத்தில் இரை அரிது. அதனால் அடுப்பைத் தணித்துக்கொள்கிறது.

பழைய பிரிவினை முற்றிலும் பொய்யன்று. விழிக்கும்போது பாஸம் உடற்கொழுப்பை எரித்துத் தானே சூடேறுகிறது. பெரும்பாலான ஊர்வனவற்றுக்கு இந்த ஏற்பாடு இல்லை. குறை பெயரில்தான். வெப்பம் எங்கிருந்து வருகிறது, வெப்பநிலை நிலையாக இருக்கிறதா என்பவை இரு தனிக் கேள்விகள். அந்தப் பெயர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது.

பெயர்தானே என்று விட்டுவிடலாகாது. பனி வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேலே காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் பனியடியில் ஏறக்குறைய 0 டிகிரிதான். பனிப்போர்வை மெலிந்தால், பாஸம் குளிரை எதிர்த்துத் தன் கொழுப்பை விரைவில் எரித்துத் தீர்த்துவிடும். ‘வெப்ப இரத்தப் பிராணி’ என்று எழுதி நிறுத்திவிடும் மாணவருக்கு இந்த ஆபத்து புலப்படாது. ஆகவே, பெயரை எழுதும் முன் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.