தோற்றவன் எங்கே நிற்கிறான்?

கி.மு. 632-இல் செங்பூ போரில் ஜின் நாடு சூ நாட்டை வென்றது. இதைப் பழஞ்சீனத்தில் சொல்ல 'ஷெங்', 'பாய்' என்று இரண்டு வினைகள் உண்டு (இக்கால உச்சரிப்பில் எழுதுகிறேன்). 'ஜின் ஷெங் சூ' என்றாலும் 'ஜின் பாய் சூ' என்றாலும் வென்றது ஜின்தான். கடைசிச் சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். 'ஜின் ஷெங்' என்றால் ஜின் வென்றது. 'ஜின் பாய்' என்றால் ஜின் தோற்றது! விகுதியும் இல்லை, வேற்றுமை உருபும் இல்லை. ஷெங் வென்றவனின் செயலைச் சொல்கிறது. பாய் தோற்றவனின் கதியைச் சொல்கிறது. செயப்படுபொருள் வந்தால் அந்தக் கதி அதற்கு, வராவிட்டால் எழுவாய்க்கு.

இத்தகைய இடங்களைச் சீனப் பள்ளி இலக்கணம் 'ஆக்கும் பயன்பாடு', 'கருதும் பயன்பாடு' என்று வகைப்படுத்துகிறது. சென் செங்ஸெ 1922-இல் வெளியிட்ட இலக்கண நூலிலிருந்து வேர்விட்ட முறை இது. சொல் தன் வகுப்பை விட்டுத் தற்காலிகமாக வேறு வேலை பார்க்கிறது என்பதே அதன் அடிப்படை.

மாணவனுக்கு இது கைகொடுக்கும் என்பதை மறுக்க முடியாது. மெங்சியஸ் நூலில் கன்ஃபூசியஸ் மலையேறுகிறார்; உடனே 'சிறிய' என்ற சொல் லூ நாட்டைச் செயப்படுபொருளாகக் கொண்டு வருகிறது. அவர் நாட்டைச் சுருக்கவில்லை, சிறிதாகக் கண்டார். ஆனால் இதை உணர்த்தியது எது? மலையேறினால் நாடு சுருங்காது என்ற நம் பொது அறிவு. வடிவத்தில் ஆக்குவதும் கருதுவதும் ஒன்றே. பொருள் புரிந்த பிறகு ஒட்டப்படும் சீட்டுதான் இந்த வகைப்பெயர்.

'தற்காலிகம்' என்பது அதைவிடப் பெரிய பிழை. போர்க்கதைகள் நிறைந்த பழைய வரலாற்று நூலான ஜுவோ ஜுவானில், பகைவரைப் பெயர்சொல்லி 'பாய்' செய்வது அன்றாட வழக்கு. அன்றாடம் நடப்பதை விதிவிலக்கு என்பானேன்?

அதற்காக எல்லாவற்றையும் பொருளின் கையில் ஒப்படைத்துவிடவும் முடியாது. 'ஸி' என்றால் சாவு. பாய் போலவே நிலைமாற்றம்தான். கணக்குப்படி அதன் செயப்படுபொருள் கொல்லப்பட்டவனாக இருக்க வேண்டும். ஆனால் அமைச்சன் அரசனை 'ஸி' செய்தால், அரசனுக்காக உயிர்விட்டான் என்று பொருள்! கொல்வதற்கு 'ஷா' என்ற தனி வினை ஏற்கெனவே இருந்ததால் இந்த வழி அடைபட்டது என்பது என் ஊகம்.

எழுத்து மறைத்ததும் ஒன்று உண்டு. 6-ஆம் நூற்றாண்டில் அறிஞர் யென் ஜிதுய், தென்னகப் புலவர்கள் ஜுவோ ஜுவானை வாசிக்கையில் தன் படை தோற்றால் ஒரு 'பாய்', பிறர் படையை முறியடித்தால் வேறொரு 'பாய்' என்று ஒலித்ததைக் குறித்துவைத்து, வலிந்து செய்த வேலை என்று ஒதுக்கினார். மொழியியலாளர்கள் பேக்ஸ்டரும் சகாரும் 2014-இல் அளித்த பழஞ்சீன ஒலி மீட்டுருவாக்கமோ, தன்வினை வடிவத்துக்கு முன்னே ஒரு மூக்கொலி முன்னொட்டு இருந்தது என்கிறது. நாம் 'உடைந்தது', 'உடைத்தது' என்று எழுத்திலேயே காட்டும் வேறுபாடு போன்றதுதான். அவர்கள் கணிப்பு சரியென்றால், பள்ளி இலக்கணம் சொல்லின் தற்காலிக மாற்றம் என்று சொல்லிவந்ததில் ஒரு பங்கு, எழுத்தில் பதியாமல் போன உருபன்தான்.

1987-இல் மொழியியலாளர் லூ ஷுஷியாங் ஷெங், பாய் என்ற இரண்டு வினைகளை மட்டுமே வைத்து ஒரு கட்டுரை எழுதினார். சீன விளையாட்டுச் செய்தித் தலைப்புகளில் எதிரணியைப் 'பெரிதாக ஷெங்' செய்தாலும் 'பெரிதாக பாய்' செய்தாலும் இன்றும் அதே அணிதான் ஜெயிக்கிறது.