எண்பத்தேழில் ஒரு பங்கு துல்லியம்

சியரா நெவாடா மலைச் சுரங்கங்களிலும் பனித்தடுப்புக் கூரைகளுக்குள்ளும் ஏறும்போது அமெரிக்காவின் சதர்ன் பசிபிக் ரயில்வேயின் டீசல் எஞ்சின்கள் சூடேறித் திணறின. முன்னால் போகும் எஞ்சின் கக்கிய வெப்பக்காற்றையே பின்னால் வருவது இழுத்துக்கொண்டது. எஞ்சின் தயாரிப்பாளரான இஎம்டி நிறுவனம் காற்று இழுக்கும் வாயைப் பக்கவாட்டு நடைபாதை மட்டத்துக்கு இறக்கியது. 1972இல் வந்த அந்த எஸ்டி45டி-2 ரகத்தை ரயில் ரசிகர்கள் 'டனல் மோட்டார்' என்கிறார்கள்.

எச்ஓ அளவில், அதாவது 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அது சுமார் 25 செ.மீ. நீளம் வரும். அதன்மேல் கைப்பிடிக் கம்பி, பிரேக் குழாய், ஹாரன், வைப்பர், பனிக்கலப்பை என்று தனித்தனியாகப் பொருத்துவது அமெரிக்க மாதிரி ரயில் ஆர்வலர்களின் நெடுநாள் வழக்கம். பிளாஸ்டிக் உடலோடு சேர்த்தே வார்த்த கைப்பிடியைச் சீவிவிட்டு, மயிரிழைத் துளையில் கம்பியை நுழைத்தால் அதற்கடியில் நிஜமான நிழல் விழும். அந்த நிழலுக்காகவே கண்ணைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது வீண் வேலையல்ல.

ஆனால் நுணுக்கம் என்பது உதிரிகளின் எண்ணிக்கை அல்ல. சதர்ன் பசிபிக் எஞ்சின்களின் மூக்கில் ஆடிச் சுழலும் கைராலைட் விளக்குகள் இருந்தன. பின்னாளில் பலவற்றில் கழற்றப்பட்டன. 1990களில் முகப்பின் கீழே இருபுறமும் டிச் லைட் எனும் கூடுதல் விளக்குகள் வந்தன. விளக்கை வைத்தே காலத்தைக் கணிக்கலாம். புகைப்படம் பார்க்காமல் கையில் கிடைத்த உதிரிகளையெல்லாம் ஒட்டினால், எந்த ஆண்டிலும் ஓடாத எஞ்சின்தான் மிஞ்சும். உதிரி சேர்க்காத வெறும் மாதிரி தெரியாமையைத்தான் காட்டும். கண்டதை ஒட்டிய மாதிரியோ பொய் சொல்கிறது.

அளவுக் கணக்கும் இடிக்கிறது. அசலில் கைப்பிடிக் கம்பி ஏறத்தாழ 19 மி.மீ. தடிமன், சுருக்கினால் 0.22 மி.மீ. பரவலாகப் பயன்படும் கம்பியோ 0.3 மி.மீ. அது அசலில் 26 மி.மீ. உருளைக்குச் சமம். மெலிதாகப் போட்டால் கை பட்டதும் வளைகிறது. தவிர, 60 செ.மீ. தள்ளி நின்று மாதிரியைப் பார்ப்பது நிஜ எஞ்சினை 52 மீட்டரிலிருந்து பார்ப்பதுபோல. அங்கிருந்து வைப்பர் தெரியுமா? நெருங்கிப் படமெடுக்கும் கேமராவுக்குத் தெரியும். இன்றைய நுணுக்க மோகத்தில் பாதி கண்ணுக்காக அல்ல, கேமராவுக்காக.

அடிப்படை வடிவம் பிசகியிருந்தால் எந்த உதிரியும் காப்பாற்றாது. ஆதெர்ன் நிறுவனத்தின் பழைய 'நீலப்பெட்டி' ஜிபி ரக எஞ்சின் மாதிரிகளில் மோட்டாருக்கு இடம் வேண்டி எஞ்சின் உறையே அசலைவிட அகலமாக வார்க்கப்பட்டது. அதன்மேல் பித்தளை வார்ப்பு ஹாரனை வைப்பதால் பெரிய பயனில்லை. ஓட்டத்திலும் சிக்கல்: குழாய்களும் கழற்று நெம்புகோலும் வண்டிகளை இணைக்கும் கப்ளரின் அசைவைத் தடுத்தால், குறுகிய வளைவில் வண்டி தடம்புரளும்.

மாதிரிக்குப் பழமைத் தோற்றம் தரப் பூசும் துருதான் மிகப் பெரிய மிகை. எஞ்சின்களைக் கழுவுவதில் கஞ்சத்தனம் காட்டிய சதர்ன் பசிபிக்கிலும் மேலே புகைக்கரி, கீழே புழுதி, டீசல் டாங்கியில் வழிசல் கறை ஆகியவையே மேலோங்கின. பல மாதிரிகளோ காயலான் கடைக்குக் கிளம்பியவைபோல இருக்கின்றன.

இப்போது ஸ்கேல்ட்ரெயின்ஸ் நிறுவனத்தின் 'ரிவெட் கவுண்டர்' வரிசை போன்றவை, குறிப்பிட்ட ரயில்வேக்கும் காலத்துக்கும் பொருந்தும் நுணுக்கங்களைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தருகின்றன. கையால் செய்பவருக்கு மிச்சமிருப்பது அந்தத் தயாரிப்புகள் தொடாத எஞ்சின்கள். அவற்றில் ஒன்றின் எண்ணையும் ஆண்டையும் முடிவுசெய்து, நாலு பக்கத்துப் படங்களையும் சேர்த்த பிறகு துளைக்கருவியை எடுப்பதே சரி. தினம் ஓட்டும் வண்டிக்கு விளக்கு, ஹாரன், கலப்பை போதும். மற்றவை கண்ணாடிப் பேழைக்கு.