இரு குறிப்பறிதல்கள்

உரையாடல் என்பது சொற்களின் பரிமாற்றம் மட்டுமன்று. இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் குரலைத் தாழ்த்தினால் மற்றவர் குரலும் தாழ்கின்றது. ஒருவர் கையைக் கட்டிக்கொண்டால் மற்றவர் கையும் அவரை அறியாமலே கட்டிக்கொள்கின்றது. ஒருவர் வாயிற் பிறந்த சொல் சற்று நேரத்தில் மற்றவர் வாயிலும் வந்து அமர்கின்றது. இதனை மனித உறவின் இனிய அடையாளம் என்று கொண்டு மகிழ்வோர் பலர். ஆயினும், யார் யாரைப் பிரதிபலிக்கிறார் என்னும் வினாவை எழுப்பாத வரையில் அம்மகிழ்ச்சி அரைகுறையானதே என்பது எமது கருத்து.

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு உண்டு. ஒன்று பொருட்பாலில் 71ஆம் அதிகாரம். மற்றது காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். வகுப்பறையில் இவ்விரண்டையும் தனித்தனியே கற்பித்துவிட்டு அப்பாற் செல்கிறோம். இவற்றை அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். பிந்தியதில் காதலன் நோக்கும்போது அவள் நிலத்தை நோக்குகிறாள். அவன் நோக்காதபோது அவனை நோக்கி மெல்ல நகுகிறாள். முடிவில் கண்ணும் கண்ணும் ஒத்துவிட, வாய்ச்சொல்லுக்கு வேலையில்லாமற் போகின்றது. அங்குப் பார்வைக்குப் பார்வையே விடை. முந்தியதோ அமைச்சியலில், மன்னரைச் சேர்ந்தொழுகும் முறையைக் கூறும் அதிகாரத்தை அடுத்து நிற்பது. அங்கு முதன்மை பெறுவது மேலோன் உள்ளத்தை அவன் கூறாமலே படித்தறியும் திறன். ஒத்தார் இருவரிடையே அன்பாகத் தோன்றும் அதே குறிப்பறிதல், ஏற்றத்தாழ்வு புகுந்தவிடத்துப் பிழைப்புக்குரிய கலையாகிவிடுகின்றது.

இக்கால ஆய்வுகளும் இவ்வேறுபாட்டை உறுதிப்படுத்துகின்றன. பேசத் தொடங்குபவர் கேட்பவரிடமிருந்து பார்வையை விலக்குவதும், பேச்சை முடிக்கும் தறுவாயில் மீண்டும் அவரை நோக்கி, ‘இனி உமது முறை’ எனக் கண்ணாலே உணர்த்துவதும் ஆடம் கெண்டன் 1967இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கப்பட்டன. 1999இல் சார்ட்ராண்ட், பார்க் என்னும் உளவியலார் இருவர், உடனிருப்பவர் முகத்தைத் தடவினால் தாமும் தடவுவதும், காலை ஆட்டினால் தாமும் ஆட்டுவதும் மனிதரிடத்துத் தம்மையறியாமல் நிகழ்வன என்று காட்டினர். தம்மைப் பிரதிபலிப்பவரை மனிதர் கூடுதலாக விரும்புவர் என்பதும் அங்குக் கண்டறியப்பட்டது. 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்ற வாதங்களை எடுத்துச் சிறு சிறு இணைப்புச் சொற்களை எண்ணிப் பார்த்தது. நீதியரசர் வழக்கறிஞரின் நடையைப் பின்பற்றியதிலும் வழக்கறிஞர் நீதியரசரின் நடையைப் பின்பற்றியதே மிகுதி. கீழே நிற்பவரே மேலே பார்த்துப் பேசுகிறார்!

இந்த உண்மையை அறிய மாத்தளை மாவட்டத்தவராகிய நாம் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே காட்டுப் பாதையில் நடந்து இங்கு வந்து சேர்ந்த தமிழகத் தொழிலாளரின் பேச்சே இதற்குச் சான்று. அவர்கள் வெள்ளைக்காரரின் ‘லைன்’ என்ற சொல்லை ‘லயம்’ ஆக்கினர். ‘பரேட்’ என்றதைப் ‘பிரட்டு’ ஆக்கினர். துரைமாரும் தமிழ் கற்றனர், மறுப்பதற்கில்லை. ஆனால், அக்காலத்தில் இளம் துரைமாருக்கென அச்சிடப்பட்ட தமிழ்க் கைந்நூல் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். தொழிலாளியின் மொழியிலிருந்து அதிகாரம் முதலில் எடுத்துக்கொண்டது ஏவல் வினையை. துரையின் ஆங்கிலத்திற் புகுந்த மற்றொரு தமிழ்ச்சொல் ‘துண்டு’. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லவிடாது தொழிலாளியைக் கட்டிப்போட்ட அச்சீட்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. தலைத்துண்டை அவிழ்த்துக் கையிற் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்து நின்றவன் துரையின் முகக்குறிப்பு ஒவ்வொன்றையும் அறிந்திருந்தான். அவன் முகத்தைப் படிக்க வேண்டிய தேவை துரைக்கு இருக்கவில்லை.

இதற்கு மாறான காட்சியும் இம்மாவட்டத்திலேயே உண்டு. மிளகும் சாதிக்காயும் கொண்டுவரும் சிங்களக் கிராமத்துப் பெண்ணும் கடைக்காரத் தமிழரும் விலை பேசும்போது அவர் சிங்களத்தில் ஒரு சொல்லும், அவள் தமிழில் ஒரு சொல்லுமாகப் பேச்சு வளரும். ‘அக்கா’ என்ற விளி இரு மொழிக்கும் பொதுவாய் நின்று உதவும். ஒருவருக்கு மற்றவர் தேவைப்படுமிடத்தில் பிரதிபலிப்பு இருவழிப் பாதையாகிவிடுகின்றது.

இலக்கியத்துக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நடந்த மரபுப் போராட்டத்தில், உழைக்கும் மக்களின் பேச்சை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் பழித்தனர். முற்போக்கு எழுத்தாளர் அப்பழிப்பை எதிர்த்து நின்று அவ்வழக்கைக் கதையில் ஏற்றினர். ஸி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா முதலியோரும், எமது மாவட்டத்து மலரன்பன், மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு ஆகியோரும் மலையகப் பேச்சுக்கு எழுத்திலே இடம் தேடித் தந்தனர். இது பெரு வெற்றி என்பதில் ஐயமில்லை.

எனினும், எமது அணியைச் சார்ந்த கதைகள் பலவற்றில் ஒரு குறை தொடர்கின்றது. முதற் பக்கத்தில் கொழுந்து பறிப்பவளாகப் பேசும் பெண், கடைசிப் பக்கத்தில் ஆசிரியரின் கட்டுரை நடையிற் பேசுகிறாள். கதைக்குள் வரும் படித்த இளைஞனின் சொற்களை அவள் திருப்பிச் சொல்வதே விழிப்புணர்ச்சி எனக் காட்டப்படுகின்றது. அவளோடு பழகிய அவ்விளைஞனின் வாயில் அவளுடைய சொல் ஒன்றேனும் ஏறியதா? அவளது பேச்சால் அவன் சிந்தனை ஒரு சாணாவது திரும்பியதா? இல்லையெனின், துரை நின்ற இடத்தில் தோழர் நிற்கிறார் என்பதே பொருள். பேச்சுவழக்கை மேற்கோட் குறிக்குள் அடைத்துவிடுவதால் மட்டும் உரையாடல் சமத்துவம் பெற்றுவிடாது.

இவ்வளவுகோல் எழுத்தாளருக்கு மட்டும் உரியதன்று. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாயிற்று. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. எனினும், அலுவலக மேசைக்கு முன் நின்று தடுமாறிய சிங்களத்தில் தன் குறையைச் சொல்லும் தோட்டத்துத் தாயை இன்றும் காண்கிறோம். அவளுடைய மொழிக்கு இறங்கி வருவது மேசைக்கு அப்பால் இருப்பவரின் கடமை.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு மேசை உண்டு. மாணவன் நமது சொல்லையும் நிற்கும் பாங்கையும் நாள்தோறும் கற்றுக்கொள்கிறான். அவன் வீட்டிலிருந்து கொணரும் சொல்லை நாம் சிவப்பு மையால் அடிக்கிறோமா, அல்லது அதன் பொருளைக் கேட்டறிந்து நமது பேச்சிலும் வழங்குகிறோமா? 71ஆம் அதிகாரத்தைத் தேர்வுக்காக அவன் மனனம் செய்யட்டும். வகுப்பறையில் அவனோடு நாம் வாழ வேண்டியது, கண்ணும் கண்ணும் ஒக்கும் அந்த 110ஆம் அதிகாரத்தின் நெறியையே.