ஊழியம்: ஒரு சொல்லின் இரு சுமைகள்

தேவபணியைக் குறிக்கத் தமிழ்ச் சபைகள் அதிகம் புழங்கும் சொல் ஊழியம். ஞாயிறு அறிவிப்பிலும் கன்வென்ஷன் சுவரொட்டியிலும் அது மதிப்போடு நிற்கிறது. கூடவே சிலாக்கியம் என்ற சொல்லும் வந்துவிடும். ஆனால் பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் யாரும் விரும்பாத ஒன்று. அரசு கேட்டபோதெல்லாம் நாடார் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியார் கூலியின்றிச் செய்து தீரவேண்டிய கட்டாய உழைப்புக்கு அங்கே அதுதான் பெயர். பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் மன்றோவின் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அதிலிருந்து விலக்கு கிடைத்தது. ஓர் ஊழியத்திலிருந்து தப்பி ஆலயத்துக்கு வந்தவர்களை உள்ளே இன்னொரு ஊழியத்துக்கு அழைத்தார்கள். இதை மொழியின் விபத்து என்று தள்ள முடியாது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கமும் இதையே செய்கிறது: பவுல் தன்னைக் கிறிஸ்துவின் அடிமை என்கிறார், சபைப் பணிக்கு அங்கே வழங்கும் தியாகோனியா என்ற சொல் சாப்பாட்டு மேசையில் பரிமாறுகிறவரின் வேலையையும் குறிக்கும். வேலை தாழ்ந்தது, எஜமான் உயர்ந்தவர். சிலாக்கியம் எஜமானைப் பற்றியது, பொறுப்பு வேலையைப் பற்றியது. இரண்டையும் பிரித்து, சிலாக்கியத்தை ஒருவருக்கும் பொறுப்பை இன்னொருவருக்கும் கொடுத்த இடங்களிலெல்லாம் சபை இடறியிருக்கிறது என்பதே என் வாதம்.

தரங்கம்பாடியிலிருந்தே தொடங்கலாம். மிஷனரி சீகன்பால்க் 1706-இல் அங்கே வந்திறங்கினார். முதல் இந்தியப் புராட்டஸ்டண்ட் குருவாகக் கடலூரைச் சேர்ந்த ஆரோன் அபிஷேகம் பெற்றது 1733 டிசம்பரில். இடைப்பட்ட 27 ஆண்டுகளும் கிராமங்களில் நடந்து, கற்பித்து, அடிபட்டு, சபைகளைத் தாங்கியவர்களில் உபதேசிமார் பலர். அவர்களில் ராஜநாயக்கன் தஞ்சைப் படையில் சிப்பாயாக இருந்தவர். தஞ்சை வட்டாரத்தில் தரங்கம்பாடி மிஷன் வேரூன்றியதில் அவர் பங்கு பெரிது. ஆரோனுக்குப் பின் அவரைக் குருவாக்கும் யோசனை எழுந்தது. ஆனால் அவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர். அவர் கையால் நற்கருணை வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்று மிஷனரிகள் கருதினார்கள். யோசனை கைவிடப்பட்டது, 1741-இல் தியாகு என்பவர் குருவானார். உபதேசம் செய்ய ராஜநாயக்கன் வேண்டும், அப்பம் பிட அவர் வேண்டாம். பொறுப்பு முழுவதும் ஒருவர் தோளில், சிலாக்கியம் இன்னொருவர் கையில். நற்செய்தியை எதிர்த்தவர்கள் செய்த காரியம் அல்ல இது. அதற்காகக் கடல் கடந்து வந்தவர்கள் செய்தது.

இதற்கு நேரெதிரான சான்று திருநெல்வேலிக்காரர் ஒருவரிடமிருந்து வருகிறது. வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கம் உருவாக முன்னின்றவர். ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் எடுத்துவைத்த கைப்பிடி அரிசி போன்ற காணிக்கைகளால் வளர்ந்தது அந்தத் திருநெல்வேலிச் சபை மரபு. பானையில் ஒரு பிடி குறைவதை மறுநாளும் உணரக்கூடிய வீடுகள் அவை. அந்த அரிசியைத் தருமம் என்பதைவிட ஊழியம் என்பதே பொருந்தும். 1912-இல் தெலுங்குப் பகுதியான தோர்ணக்கலின் பேராயராகி, முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் என்ற பெயர் பெற்ற அசரியா, அங்கே ஒரு வழக்கத்தை வைத்திருந்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் தம் தலைமேல் கைவைத்து, சுவிசேஷம் அறிவிக்காவிட்டால் தமக்கு ஐயோ என்ற பவுலின் வாக்கைத் தமதாகச் சொல்லவேண்டும். எழுத்தறியாத தெலுங்குக் கூலித் தொழிலாளிகளும் அதைச் சொன்னார்கள். சிலாக்கியம் கிடைத்த அதே நிமிடத்தில் பொறுப்பும் தலையில் ஏறியது.

எல்லாரும் ஊழியர் என்றால் விசேஷ அழைப்பு என்ன ஆவது என்று கேட்பார்கள். அப்போஸ்தலர் பந்திவிசாரணையை ஏழு பேரிடம் விட்டு வசனத்துக்கு ஒதுங்கினார்களே என்று அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தையும் காட்டுவார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. வேலைப் பிரிவினை வேண்டும்தான். ஆனால் பந்திக்கும் வசனத்துக்கும் லூக்கா அங்கே ஒரே தியாகோனியாவைத்தான் எழுதுகிறார். பந்திக்கென்று தெரிந்துகொள்ளப்பட்ட ஸ்தேவான் அடுத்த அதிகாரத்திலேயே நீண்ட பிரசங்கம் செய்து உயிரையும் விடுகிறார். பிரிவினை வசதிக்காக வந்தது, படிநிலைக்காக அல்ல.

இன்னொரு மறுப்பு ஊதியம் பற்றியது. பொறுப்பை வலியுறுத்தினால், ஊழியம் செய்கிறவன் கூலி கேட்கலாமா என்ற பேச்சு உடனே எழும். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல், ஊழியக்காரருக்குப் பிழைப்பு கேட்கும் உரிமை உண்டு என்று முதலில் வரிவரியாக நிறுவுகிறார். அதற்குப் பிறகே தன் உரிமையை விட்டுக்கொடுக்கிறார். விட்டுக்கொடுத்தது தன்னுடையதை, பிறருடையதை அல்ல. தியாகம் என்ற பெயரில் உபதேசியாரையும் கோயில்பிள்ளையையும் அரைச் சம்பளத்தில் வைத்திருக்கும் சபை, ஊழியம் என்ற சொல்லைப் பழைய திருவிதாங்கூர் அர்த்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. தலைவர் குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் கணக்குக் காட்டாத தனி ஊழியங்களும், சிலாக்கியத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, வேறு திசையிலிருந்து அதையே செய்கின்றன. அடுத்த முறை சேகரக் கமிட்டி கூடும்போது, புதுக் கோபுரத்தின் மதிப்பீட்டைப் பிரிப்பதற்கு முன் கோயில்பிள்ளையின் சம்பளத்தை எடுத்துப் பேசுங்கள்.